ஹெவி லைசென்ஸ் எடுக்க எந்த வழி? எல்.எம்.வி., டிரைவிங் ஸ்கூல், பயிற்சி மையம்: ஓர் ஒப்பீடு

சரக்கு வாகனம் ஓட்டுவதைத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைக்கும் ஒருவருக்குத் தமிழ்நாட்டில் இன்று மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. கையில் இருக்கும் எல்.எம்.வி. உரிமத்தை, அதாவது இலகுரக மோட்டார் வாகன உரிமத்தை, வைத்தே டாட்டா ஏஸ், தோஸ்த், பொலேரோ பிக்கப் போன்ற சிறிய வண்டிகளில் வேலைக்குச் சேரலாம். உள்ளூர் டிரைவிங் ஸ்கூலில் ஒரு மாதம் பயின்று ஹெவி லைசென்ஸ் எடுக்கலாம். அல்லது, சொந்தப் பயிற்சித் தடமும் பலவகை வண்டிகளும் உள்ள ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்து, கூடுதல் நாளும் பணமும் செலவழித்து அதே லைசென்ஸைப் பெறலாம். கிளீனராக லாரியில் ஏறி, ஓட்டுநரிடம் தொழில் கற்று, பிறகு உரிமம் எடுக்கும் பழைய வழியும் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

ஓட்டுநர்களை வேலைக்குச் சேர்க்கும்போது உரிமங்களைச் சரிபார்க்கும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் இந்த வழிகளை ஒப்பிட்டு எழுதுகிறேன். பெரும்பாலோர் முதலில் கேட்பது, எங்கே சீக்கிரம் கிடைக்கும், மொத்தம் எவ்வளவு ஆகும் என்ற இரண்டு கேள்விகளைத்தான். அவற்றுக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய இரண்டு கேள்விகள் இருக்கின்றன: நான் ஓட்டப்போகும் வண்டியின் மொத்த எடை என்ன? இந்த வழியில் போனால் ஸ்டீயரிங்கைப் பிடித்து எத்தனை மணி நேரம் உட்காருவேன்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால், எந்த வழி தமக்குப் பொருந்தும் என்பது ஏறக்குறைய தானே தெளிந்துவிடும்.

முதலில் எடைக் கணக்கு

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் சரக்கு வாகனங்களை மொத்த எடையை வைத்துப் பிரிக்கிறது. மொத்த எடை என்பது வண்டியின் வெற்றெடையும் அதில் ஏற்ற அனுமதிக்கப்பட்ட சரக்கின் எடையும் சேர்ந்தது. அது 7,500 கிலோவுக்கு மேற்படாவிட்டால் வண்டி இலகுரகம். 12,000 கிலோவைத் தாண்டினால் கனரகம். இடைப்பட்டது நடுத்தர ரகம். பேச்சுவழக்கில் ஹெவி லைசென்ஸ் என்று நாம் சொல்வது, 7,500 கிலோவைத் தாண்டிய நடுத்தர, கனரக வண்டிகள் இரண்டுக்கும் வேண்டிய போக்குவரத்து வாகன உரிமத்தைத்தான்.

எல்.எம்.வி. உரிமம் வைத்திருப்பவர் மஞ்சள் பலகை போட்ட சிறிய சரக்கு வண்டியை ஓட்டுவதற்குத் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டுமா என்பதில், அதாவது நம் ஊரில் பேட்ஜ் என்று சொல்லப்படுவது வேண்டுமா என்பதில், நெடுங்காலம் வழக்குகள் நடந்தன. விபத்து நேர்ந்தபோதெல்லாம், பேட்ஜ் இல்லாதவர் ஓட்டினார் என்ற காரணத்தைக் காட்டி, இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விலகக் காப்பீட்டு நிறுவனங்கள் முயன்றதே அந்த வழக்குகளின் வேர். 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, தனி ஒப்புதல் வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. அதன் அடிப்படையில் 2018 ஏப்ரலில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பிறகும் அந்தத் தீர்ப்பின் சரித்தன்மை கேள்விக்கு உள்ளாகி, விவகாரம் அரசியல் சாசன அமர்வுக்குச் சென்றது. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து, 7,500 கிலோ வரையிலான போக்குவரத்து வாகனத்தை எல்.எம்.வி. உரிமத்தோடு ஓட்டலாம் என்று உறுதி செய்தனர். இழுத்தடிக்கப்பட்ட ஒரு கேள்விக்குக் கிடைத்த இந்த விடை, சிறிய வண்டி ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்களுக்குப் பெரிய நிம்மதி என்றே நான் கருதுகிறேன். ஆபத்தான பொருள்களை ஏற்றும் வண்டிகளுக்கும் இ-ரிக்ஷாக்களுக்கும் உள்ள தனி நிபந்தனைகள் மட்டும் அப்படியே தொடர்கின்றன.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘வண்டி அஞ்சு டன்தானுங்க, எல்.எம்.வி. போதும்’ என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் பேசுவது சரக்கின் எடையை. ஐந்து டன் ஏற்றும் வண்டி தானும் நாலரை டன் இருந்தால் மொத்த எடை ஒன்பதரை டன்னைத் தொட்டுவிடும். அது நடுத்தர ரகம். பதிவுச் சான்றில் வெற்றெடை ஒரு வரியிலும் மொத்த எடை இன்னொரு வரியிலும் அச்சாகியிருக்கும். பார்க்க வேண்டியது மொத்த எடை என்ற வரியை மட்டுமே. தயாரிப்பாளர்கள் சில வண்டிகளை 7,490 கிலோ என்று நிறுத்தி வைப்பதே இந்த எல்லைக்காகத்தான். அதே தோற்றம், அதே பெயர், ஆனால் அடுத்த மாடல் எண் என்று வரும் வண்டி எல்லையைத் தாண்டியிருக்கக்கூடும். வண்டியைப் பார்த்து எடையை ஊகிப்பது ஓட்டுநருக்கும் உரிமையாளருக்கும் ஆபத்து. உரிய உரிமம் இல்லாமல் ஓட்டுபவருக்கும், அவரிடம் வண்டியைக் கொடுத்தவருக்கும் தனித்தனியாக 5,000 ரூபாய் அபராதம் உண்டு. விபத்தாகிவிட்டால் அபராதம் ஒரு பொருட்டே இல்லை. காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த தொகையை உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலிக்க நீதிமன்றமே அனுமதிக்கும் நிலை வரலாம்.

எல்.எம்.வி. உரிமத்தோடு நின்றுகொள்வது தாழ்ந்த தேர்வு என்று எண்ண வேண்டியதில்லை. காய்கறி, பால், கூரியர், கட்டுமானப் பொருள், வீடு மாற்றும் சாமான் என்று நகரத்துக்குள்ளும் பக்கத்து மாவட்டங்களுக்கும் ஓடும் வேலை ஏராளமாக இருக்கிறது. இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். கொஞ்சம் சேமித்து, கடன் வாங்கி, ஒரு சிறிய வண்டிக்குத் தாமே உரிமையாளராவது இந்த வழியில்தான் எளிது. குடும்பத்தில் வயதான பெற்றோர் இருப்பவர்களும், நாள்கணக்கில் வெளியூரில் தங்க முடியாதவர்களும் பெரிய லாரியின் சம்பளத்தை மட்டும் பார்த்து இந்த வழியை ஒதுக்கிவிடக் கூடாது. இதன் குறை, வருமானம் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறுவதில்லை என்பதும், ஏற்றுவது இறக்குவது உள்படப் பல வேலைகள் ஓட்டுநர் தலையிலேயே விழும் என்பதும்.

ஹெவி லைசென்ஸுக்குச் சட்டம் கேட்பவை

டிரைவிங் ஸ்கூல் வழியே போனாலும் பயிற்சி மையம் வழியே போனாலும் அடிப்படைத் தகுதிகள் ஒன்றே. விண்ணப்பிப்பவருக்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும். எல்.எம்.வி. உரிமம் பெற்று ஓராண்டாவது கழிந்திருக்க வேண்டும். அதற்கு முன்பு போக்குவரத்து வாகனத்துக்கான பழகுநர் உரிமமான எல்.எல்.ஆர். கூடக் கிடைக்காது. ஆகவே 18 வயது முடிந்தவுடன் எல்.எம்.வி. எடுத்துவிடுவது நல்லது. 20 வயதில் ஹெவி எடுக்க நினைத்து, அன்றுதான் எல்.எம்.வி. கூட இல்லை என்பதை உணர்பவர்கள் 21 வரை காத்திருக்க நேர்கிறது. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அது கிடைத்து 30 நாள் கழிந்த பிறகே ஓட்டுத் தேர்வுக்குப் போக முடியும். அந்தக் காலத்தில் பழகும்போது உரிய உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வண்டியில் எல் பலகையும் இருக்க வேண்டும்.

படிப்புத் தகுதி பற்றிப் பழைய தகவல் இன்னும் உலவுகிறது. போக்குவரத்து வாகன உரிமத்துக்கு 8ஆம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2019இல் நீக்கப்பட்டுவிட்டது. அரியானாவின் மேவாத் பகுதியில், ஓட்டத் தெரிந்தும் பள்ளிச் சான்று இல்லாத ஏழை ஓட்டுநர்களின் நிலையை அம்மாநில அரசு எடுத்துச் சொன்னதை அடுத்து வந்த மாற்றம் இது. ‘எட்டாவது பாஸ் சர்டிபிகேட் இல்லாட்டி நாங்க ஏற்பாடு செய்றோம்’ என்று யாராவது பணம் கேட்டால், தேவையே இல்லாத ஒன்றுக்குக் கேட்கிறார்கள் என்று பொருள். அதே சமயம், சாலைக் குறிகளையும் ஊர்ப் பலகைகளையும் படிக்கத் தெரியாமல் இந்தத் தொழிலில் நீடிக்க முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மருத்துவச் சான்று படிவம் 1ஏ-இல் தர வேண்டும். பதிவு பெற்ற மருத்துவர், 25 மீட்டர் தூரத்தில் நல்ல பகல் வெளிச்சத்தில் காரின் எண் பலகையைப் படிக்க முடிகிறதா, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா, காது கேட்கிறதா, மாலைக்கண் உண்டா என்பவற்றைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இதை வெறும் கையெழுத்தாக முடித்துக்கொள்பவர்கள் உண்டு. என் வேண்டுகோள், பயிற்சிக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன்பே ஒரு கண் மருத்துவமனையில் முறையாகச் சோதித்துக்கொள்ளுங்கள் என்பதே. நிறக்குறைபாடு இருப்பது பலருக்கு அதுவரை தெரிந்திருக்காது. கட்டணம் கட்டிய பிறகு தெரிந்தால் பணம் போகும். உரிமம் எடுத்த பிறகு, இரவில் எதிர் வண்டியின் வெளிச்சத்தில் தெரிந்தால் உயிர் போகும்.

அடுத்தது படிவம் 5. அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளி தரும் இந்தச் சான்று போக்குவரத்து வாகன உரிமத்துக்குக் கட்டாயம். தாமே பழகிக்கொண்டு நேராக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகும் வழி இங்கே இல்லை. அரசுக் கட்டணங்கள் மொத்தச் செலவில் சிறு பகுதிதான். மத்திய விதிகளின்படி எல்.எல்.ஆருக்கு 150 ரூபாய், ஓட்டுத் தேர்வுக்கு 300 ரூபாய் என்று நூறுகளில் முடிந்துவிடும். மீதி எல்லாம் பயிற்சிக்கான பணம். அந்தப் பணத்துக்குப் பயிற்சி கிடைக்கிறதா என்பதில்தான் இரண்டு வழிகளும் பிரிகின்றன.

15 மணி நேரமும் 38 மணி நேரமும்

டிரைவிங் ஸ்கூல்களுக்கான மத்திய விதி, போக்குவரத்து வாகனப் பயிற்சி 30 நாளுக்குக் குறையக் கூடாது என்றும், அதில் உண்மையில் வண்டி ஓட்டும் நேரம் 15 மணிக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கிறது. 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த, அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகளோ நடுத்தர, கனரக வாகனப் பயிற்சியை ஆறு வாரத்துக்குள் 38 மணி நேரம் என்று வகுத்திருக்கின்றன. இதில் வகுப்பறைப் பாடமும் ஓட்டுப் பயிற்சியும் சேர்ந்தே வரும். அத்தகைய மையத்துக்குக் கனரகப் பயிற்சி என்றால் 2 ஏக்கர் நிலமும், திரையில் சாலையைக் காட்டி ஓட்டப் பழக்கும் சிமுலேட்டரும், தனிச் சோதனைத் தடமும் இருக்க வேண்டும். பயிற்றுநர் 12ஆம் வகுப்பு முடித்து, குறைந்தது 5 ஆண்டு ஓட்டிய அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். மையத்தின் தேர்வில் தேறியவருக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மீண்டும் ஓட்டுத் தேர்வு இல்லை. டிரைவிங் ஸ்கூலில் படித்தவர் மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் ஓட்டிக் காட்டியே ஆக வேண்டும்.

இந்த விதிகளின்படியான அங்கீகாரம் வேறு, பயிற்சிக்குப் பெயர் பெற்றிருப்பது வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்தும் ஓட்டுநர் பயிற்சி மையமும், நாமக்கல்லில் அசோக் லேலண்டின் பயிற்சி நிறுவனமும் கனரகப் பயிற்சிக்குத் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக அறியப்பட்ட இடங்கள். எங்கே சேர்ந்தாலும், அங்கே தரப்படும் சான்று ஓட்டுத் தேர்விலிருந்து விலக்குத் தருவதா, வெறும் படிவம் 5 மட்டுமா என்பதைச் சேரும் நாளிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

15 மணி நேரத்தில் என்ன கற்க முடியும்? முறையாகக் கொடுக்கப்பட்டால் நிறையவே கற்கலாம். கிளட்ச், கியர், வளைவில் பின்சக்கரம் உள்வாங்கும் அளவு, கண்ணாடியை மட்டும் பார்த்துப் பின்னோக்கி எடுப்பது, மேட்டில் நிறுத்தி ஒரு சாண் கூடப் பின்னால் உருளாமல் எடுப்பது ஆகியவை இந்த நேரத்துக்குள் கைவரக்கூடியவை. ஆய்வாளரும் பெரும்பாலும் இவற்றைத்தான் பார்க்கிறார். சிக்கல், அந்த 15 மணி நேரம் யாருடைய மணி நேரம் என்பதில் இருக்கிறது. ஒரு பழைய ஆறு சக்கர லாரியில் ஐந்தாறு பேரை ஏற்றிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் சுற்றி வந்தால், ஒருவர் கையில் ஸ்டீயரிங் இருப்பது கால் மணி நேரம்தான். மற்ற நேரம் பின்னால் நின்றுகொண்டு பார்ப்பது பயிற்சி நேரமாகப் பதிவேட்டில் ஏறிவிடும். எல்லாப் பள்ளிகளும் இப்படி இல்லை. நேர்மையாகச் சொல்லிக்கொடுக்கும் முதிய ஓட்டுநர்கள் நடத்தும் சிறிய பள்ளிகளை நான் அறிவேன். அப்படிப்பட்ட பள்ளி பக்கத்தில் இருந்தால், தூரத்து மையத்தைத் தேடிப் போக வேண்டிய அவசியம் குறைவு. பணம் கட்டும் முன் ஒரு காலை அந்தப் பள்ளிக்குப் போய், ஒரு சுற்றுக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள், வண்டி வெறுமையாக ஓடுகிறதா எடையோடு ஓடுகிறதா, இரவில் ஓட்டக் கற்றுக்கொடுப்பார்களா என்று நேரில் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

எடையோடு ஓட்டுவது பற்றி அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெற்று லாரியும் சரக்கேற்றிய லாரியும் ஓட்டுபவருக்கு இரண்டு வேறு வண்டிகள். தேசிய நெடுஞ்சாலை 44இல் தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும்போது வரும் தொப்பூர் கணவாயை நம் பகுதி ஓட்டுநர்கள் எல்லோரும் அறிவார்கள்; அங்கே நடந்த விபத்துகளையும் அறிவார்கள். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது இன்னும் ஒழியாத பழக்கம். அப்போது இன்ஜினின் பிடிப்பு வண்டிக்கு இல்லாமல் போகிறது. வேகத்தை அடக்க மிதிக்கும் ஒவ்வொரு மிதிக்கும் முழுச் சுமையையும் பிரேக்கே தாங்குகிறது. டிரம் சூடேறி, லைனிங் பிடிப்பை இழக்கிறது. இன்ஜினையே அணைத்துவிட்டால் கம்ப்ரெஸரும் நின்று, மிதிக்க மிதிக்கக் காற்றழுத்த முள் இறங்கிக்கொண்டே வரும். அந்த முள் சிவப்புக்கு வந்த பிறகு செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, இன்ஜினின் புகைப் போக்கை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கை விட்டுவிட்டுத் தொடுவது என்ற பழக்கத்தை, எடையோடு உண்மையான இறக்கத்தில் பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, ஒருமுறையாவது செய்து பார்த்தவர் மறக்க மாட்டார். சமவெளியில் வெற்று லாரியில் 15 மணி நேரம் ஓட்டியவருக்கு அது சொல்லில் மட்டுமே தெரியும். நல்ல பயிற்சி மையத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு ஈடு இந்த இடத்தில்தான் கிடைக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

வண்டிகளும் மாறிவிட்டன. புதிய புகை விதிகளுக்கு ஏற்ப வரும் பிஎஸ்-6 வண்டியில், புகையைச் சுத்திகரிக்க ஊற்றும் ஆட்புளூ திரவம் தீர்ந்துவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். கவனிக்காமல் விட்டால் இன்ஜின் தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். பழைய பயிற்சி லாரியில் படித்து வந்தவர், நடுவழியில் வண்டி இழுக்கவில்லை என்று போன் செய்யும்போது, அவர் பார்த்திராத ஒரு விளக்கு முன்பே எரிந்திருக்கும். 2018 ஜூலையில் அச்சுச் சுமை வரம்புகள் உயர்த்தப்பட்ட பிறகு பத்து சக்கர லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகியிருக்கிறது, அந்த எடையை நிறுத்தும் தூரமும் அதற்கேற்ப நீள்கிறது. சிமுலேட்டரைப் பற்றிச் சிலர் ஏளனமாகப் பேசுகிறார்கள். அது லாரிக்கு மாற்று ஆகாது என்பது சரி. ஆனால் மழை இரவில் டயர் வெடிப்பதையும், குறுக்கே மாடு வருவதையும் உயிர்ச் சேதமில்லாமல் பழகிப் பார்க்க வேறு வழி இல்லை.

மையத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். எல்லா மாவட்டத்திலும் இல்லை. வெளியூரில் தங்க வேண்டும். நாலு முதல் ஆறு வாரம் வருமானம் நின்றுபோகும். தினக்கூலிக் குடும்பத்துக்கு இது பயிற்சிக் கட்டணத்தைவிடப் பெரிய செலவு. ஏற்கெனவே டிராக்டரோ நடுத்தர வண்டியோ ஓட்டிக் கை பழகியவருக்கு மையத்தின் முதல் இரண்டு வாரம் தெரிந்த பாடமாகவே இருக்கும். அவருக்கு நல்ல டிரைவிங் ஸ்கூலே போதும். மிச்சமாகும் பணத்தில் எடையோடு ஓட்ட கூடுதல் மணி நேரம் வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலான பள்ளிகள் கேட்டால் கொடுப்பார்கள்.

கிளீனர் வழி

ஒரு காலத்தில் லாரித் தொழிலின் பள்ளிக்கூடமே கிளீனர் இருக்கைதான். தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுப்பது, டயரைத் தட்டிச் சத்தத்தால் காற்றறிவது, செக்போஸ்ட்டில் பேசுவது, எந்த ஓட்டலில் வண்டியை நிறுத்தினால் டீசல் திருடு போகாது என்பது எல்லாம் அங்கே கற்றவை. எந்த மையமும் இவற்றை முழுமையாகச் சொல்லித் தருவதில்லை. இன்று செலவு கட்டுப்படியாகாமல் பல உரிமையாளர்கள் கிளீனர் இல்லாமலே வண்டியை அனுப்புகிறார்கள். அதனால் அந்த வழி குறுகிவிட்டது. அதைவிட முக்கியமானது, கிளீனராக எத்தனை ஆண்டு ஓடியிருந்தாலும் சட்டத்தின் முன் அது கணக்கில் வராது, ஓராண்டு எல்.எம்.வி., படிவம் 5, தேர்வு எல்லாம் அவருக்கும் உண்டு. இரவில் ஓட்டுநர் தூங்க, உரிமமில்லாத கிளீனர் ஓட்டிக்கொண்டு போவது நடக்கும் விஷயம்தான். அப்போது ஏதாவது நேர்ந்தால் அந்தப் பையனின் வாழ்க்கை நீதிமன்ற வாசலில் தொடங்கும். ஆகவே கிளீனர் வேலையை உரிமத்துக்கு மாற்றாகக் கொள்ளாமல், எல்.எம்.வி. ஓராண்டைக் கடக்கும் காலத்தில் தொழில் அறிவைச் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பாகக் கொண்டால் பயன் உண்டு. பயிற்சி மையத்தில் படித்தவரையும், ஓராண்டு கிளீனராக இருந்து உரிமம் எடுத்தவரையும் என் முன் நிறுத்தினால், முதல் மாதம் இரண்டாமவர் பதற்றமில்லாமல் இருப்பார்; இறக்கத்தில் முதலாமவரை நான் அதிகம் நம்புவேன்.

டேங்கருக்குப் போக நினைப்பவர்கள்

நாமக்கல் பகுதியில் சமையல் எரிவாயு ஏற்றும் புல்லட் டேங்கர்கள் அதிகம் என்பதால், ஹெவி எடுத்தவுடன் டேங்கர் என்ற எண்ணம் பல இளைஞர்களுக்கு இருக்கிறது. அதற்கு ஹெவி உரிமம் மட்டும் போதாது. ஆபத்தான பொருள்களை ஏற்றும் வண்டிக்கு, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் மூன்று நாள் பயிற்சி முடித்து, உரிமத்தில் தனி ஒப்புதல் பதிய வேண்டும். 8ஆம் வகுப்பு விதி போய்விட்டது என்று மேலே சொன்னேன். இங்கே ஒரு நிபந்தனை நிற்கிறது: அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள இந்திய மொழி ஒன்றையும் ஆங்கிலத்தையும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வண்டியின் மேல் ஒட்டியிருக்கும் அவசரத் தகவல் பலகையையும், கேபினில் வைத்திருக்க வேண்டிய, அவசர நேர வழிமுறைகள் அடங்கிய டிரெம் கார்டையும் படித்துப் புரிந்துகொள்பவர்தான் கசிவு நேர்ந்தால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று அறிவார். இந்த ஒப்புதல் மூன்றாண்டு செல்லும். சாதாரணச் சரக்கு லாரியில் இரண்டு மூன்று ஆண்டாவது ஓடிய பிறகே டேங்கரில் ஏறுவது நல்லது. டேங்கருக்குள் திரவம் முழுமையாக நிரம்பாமல் இருக்கும்போது, திருப்பத்திலும் பிரேக்கிலும் அது அலையாக முன்னும் பின்னும் அடிக்கும்; மூட்டைகளும் பெட்டிகளும் அப்படி அடிப்பதில்லை.

யாருக்கு எது

வீட்டோடு இருந்து பிழைக்க வேண்டும், சொந்த வண்டி வாங்கும் எண்ணம் இருக்கிறது என்பவர் எல்.எம்.வி.யோடு 7,500 கிலோவுக்குள் நிற்கலாம். அவருக்கு ஹெவி லைசென்ஸ் இன்றே தேவையில்லை. ஆனால் 20 வயதுக்கு முன்பே சம்பளத்துக்குச் சரக்கு வண்டி ஓட்டத் தொடங்க வேண்டாம். சட்டத்தின் 4ஆம் பிரிவு போக்குவரத்து வாகனத்துக்கு 20 வயது என்று சொல்லும்போது, விபத்து நேர்ந்தால் அந்த வரியை எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டும்.

வண்டி ஓட்டிக் கை பழகியிருக்கிறது, குடும்பம் ஆறு வாரம் வருமானமில்லாமல் தாங்காது, பக்கத்தில் நேர்மையான பள்ளி ஒன்று உண்டு என்பவருக்கு டிரைவிங் ஸ்கூல் பொருந்தும். கார் மட்டுமே ஓட்டியவர், நெடுந்தூர லைனில், பத்துச் சக்கர டாரஸிலோ டிரெய்லரிலோ வாழ்நாள் தொழில் செய்ய நினைப்பவர், செலவைப் பாராமல் பயிற்சி மையத்துக்குப் போகட்டும் என்றே சொல்வேன். கடன் வாங்கிப் போனாலும் அது ஓரிரு ஆண்டுக்குள் அடைபடக்கூடிய கடன். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராகும் விருப்பம் உள்ளவர்கள், கழகங்கள் உரிமத்தோடு கனரக வாகனம் ஓட்டிய அனுபவத்தையும் கேட்பதால், உரிமம் எடுத்த நாளிலிருந்து வேலை செய்த நிறுவனங்களின் அனுபவச் சான்றுகளைப் பத்திரமாகச் சேர்த்துவர வேண்டும்.

‘எதுவும் ஓட்ட வேண்டாம், லைசென்ஸ் வீட்டுக்கே வரும்’ என்று மொத்தமாக ஒரு தொகை பேசும் இடைத்தரகர்களை ஒரு வழியாக நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்த அட்டையோடு வருபவரை வேலைக்கு எடுக்கும் முன் எடையேற்றிய வண்டியில் ஒரு சுற்று ஓட்டச் சொல்வோம். கேட்டைத் தாண்டும் முன்பே தெரிந்துவிடும்.

உரிமம் கைக்கு வந்ததும் அட்டையில் உள்ள இரண்டு தேதிகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கார், பைக்குக்கான செல்லுபடிக் காலம் ஒன்று. போக்குவரத்து வாகனத்துக்கானது இன்னொன்று. பின்னது 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்தாண்டு. முதல் தேதியைப் பார்த்துவிட்டு, இன்னும் பத்து வருடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஓட்டுநர்களின் போக்குவரத்து உரிமம் காலாவதியாகிக் கிடப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். முன்பிருந்த 30 நாள் சலுகை இப்போது இல்லை. தேதி முடிந்த மறுநாள் ஓட்டினாலும் உரிமமின்றி ஓட்டியதுதான். காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டைத் தாண்டிவிட்டால், எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓட்டியவராக இருந்தாலும், மறுபடியும் ஆய்வாளர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். புதுப்பிக்கும்போது படிவம் 1ஏ மீண்டும் வேண்டும் என்பதால், நாற்பது வயதைத் தாண்டியவர்கள் காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே கண்ணையும் சர்க்கரையையும் சோதித்துக்கொண்டால், கண்ணாடி மாற்றவோ சிகிச்சை எடுக்கவோ நேரம் இருக்கும். வண்டியை நிறுத்திவைக்க வேண்டியிருக்காது.